பிடியரிசிக் கலயம்

பிள்ளை பதினொரு நாள்தான் இருந்தது. அதற்காக வாங்கிய கடன் ஐந்து வருஷம் இருந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்காக யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். மிச்சத்தையும் கேட்டுவிட்டு யாருக்காகக் கொட்டுவது என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

யுத்தம் முடிந்து, அரிசிக்குக் கார்டு போட்டிருந்த காலம். ராயபுரத்தில் கடலை ஒட்டிய ஒரு சந்தில் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் எட்டு அறைகள், எட்டுக் குடித்தனங்கள். மூன்றாவது அறை எங்களுடையது. என் வீட்டுக்காரர் ஆர்பரில், கப்பல் துறையில், மூட்டை தூக்கினார். நிரந்தர வேலை கிடையாது. காலையில் ஆர்பர் கேட்டுக்கு வெளியே நூறு பேர் நிற்பார்கள். மேஸ்திரி வந்து ஒவ்வொருவனின் தோளையும் காலையும் பார்த்து, ‘நீ வா, நீ வா’ என்று விரலை நீட்டுவான். விரல் நீண்டவனுக்கு அன்றைக்கு ஒன்றரை ரூபாய் கூலி. மற்றவன் வீட்டுக்குப் போகலாம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்குத் தோள் இரண்டும் தூண் மாதிரி இருக்கும். மேஸ்திரியின் விரல் முதலில் அவரிடம்தான் நீளும்.

பிரசவம் சிக்கலாகிவிட்டது. இரண்டு நாள் வலி எடுத்தும் பிள்ளை வெளியே வரவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஊசி மருந்தெல்லாம் வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். என்னைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆண் பிள்ளை. வீட்டுக்கு வந்த பிறகு அதற்கு ஜன்னி கண்டது. பதினோராம் நாள் காலையில் அவர் அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மூலக்கொத்தளத்து இடுகாட்டுக்கு நடந்தார். பெண்கள் அங்கே போகக் கூடாது. எனக்குப் பால் கட்டிக்கொண்டு மாரெல்லாம் நெருப்பாக எரிந்தது. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகு சந்து முனையில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஜட்காவுக்கும் மருந்துக்கும் குழி வெட்டியவனுக்கும் சேர்த்து வாங்கியதுதான் நூறு ரூபாய். கொடுத்தவனை ஊரே ஈட்டிக்காரன் என்று சொல்லும். அவன் கையில் ஈட்டி எதுவும் கிடையாது, பித்தளைப் பூண் போட்ட தடிதான். வடக்கே எங்கேயோ மலை தேசத்திலிருந்து வந்தவன். நல்ல உயரம், தலையில் முண்டாசு, முழங்கால் வரைக்கும் ஜிப்பா, பக்கத்தில் வந்தால் அத்தர் வாசனை. ரூபாய்க்கு மாசம் ஓரணா வட்டி. நூறு ரூபாய்க்கு மாசா மாசம் ஆறே கால் ரூபாய் அழ வேண்டும். அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும், அசல் வராவிட்டாலும் அவனுக்குக் கவலையில்லை. அசல் அப்படியே நிற்பதுதான் அவனுக்கு வசதி.

முதல் மாசத்து வட்டிக்கு அவன் வந்தபோது என் வீட்டுக்காரர் இல்லை. எனக்கு உடம்பு இன்னும் தேறவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வாசலில் தடியை ‘டொக் டொக்’ என்று தட்டினான்.

“யம்மா, வட்டி.”

“அவரு இல்ல.”

“வரட்டும். நான் ஒக்காந்துக்கறேன்.”

உட்கார்ந்தேவிட்டான். என் வாசற்படியில், காலை நீட்டி, தடியைக் குறுக்கே வைத்துக்கொண்டு. எட்டு வீட்டுப் பெண்களும் குழாயடிக்குப் போக அவன் காலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொருத்தியும் தாண்டும்போது உள்ளே எட்டி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்க்கிற பார்வையில்லை அது. கடன்காரியைப் பார்க்கிற பார்வை. பொழுது சாயும்வரை இருந்துவிட்டுத்தான் போனான். அன்றைக்கு மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இந்தத் தடிச் சத்தம் இனி என் வாசலில் கேட்கக் கூடாது. செத்தாலும் சரி, கேட்கக் கூடாது.

அவர் வந்ததும் சொல்லிவிட்டேன்.

“இனிமே கூலி என் கையில வரணும். பைசா பாக்கி இல்லாம. இன்னா, தெரிதா?”

“சரி,” என்றார். அவர் எதற்கும் ‘சரி’ என்கிற மனுஷர். அது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் கட்டியது முக்கால்வாசி அவருடைய வாயையும் வயிற்றையும்தான். எனக்கு உப்புப் பார்க்கிற சாக்கு இருந்தது. அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் இரண்டு வாய் உள்ளே போய்விடும். அதை நான் எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை.

தீப்பெட்டியை முதலில் நிறுத்தினேன். நாலாவது அறையில் ஒரு அக்கா இருந்தாள். மீன்காரி. அவள் புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். விடிவதற்கு முன்பே அவள் வீட்டு அடுப்பு எரியும். ஒரு கொட்டாங்கச்சியில் இரண்டு தணல் வாங்கிக்கொண்டு வந்து என் அடுப்பை மூட்டிக்கொள்வேன். விறகு வாங்குவதை நிறுத்தினேன். ரயில் யார்டு ஓரமாக இஞ்சினிலிருந்து தள்ளிய சாம்பலில் பாதி எரிந்த கரி கிடக்கும். மற்ற பெண்களோடு அடித்துப் பிடித்துக்கொண்டு பொறுக்கி வருவேன். தோசைக்கல்லுக்கு எண்ணெய் ஊற்றியதே கிடையாது. ஒரு குச்சி முனையில் துணி சுற்றி, எண்ணெயில் ஒரு தரம் நனைத்தது பத்து நாளைக்கு வரும். தலைக்கு எண்ணெய் வெள்ளிக்கிழமை மட்டும். அவருடைய பீடிக் கட்டை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். முன்னே நாளுக்கு ஒரு கட்டு குடிக்கிறவருக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என் கையால் எடுத்துக் கொடுப்பேன். ஆர்பர் வாசலில் டீ குடிக்க ஓரணா கேட்டார். ஒரு போத்தலில் நீராகாரம் ஊற்றி, மூடிக்குத் துணி அடைத்துக் கையில் கொடுத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே பிடியரிசி. இது நான் கண்டுபிடித்தது இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. உலையில் போட அரிசி அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஒரு மண் கலயத்தில் திரும்பப் போட வேண்டும். கோயிலுக்கோ தர்மத்துக்கோ ஆத்திர அவசரத்துக்கோ ஆகட்டும் என்று போடுவார்கள். நான் ஈட்டிக்காரனுக்குப் போட்டேன். கலயம் நிறைந்ததும் சாப்பாட்டுக் கடைக்காரனிடம் கள்ளத்தனமாக விற்பேன். கார்டு அரிசிக்கு வெளியே நல்ல விலை. முதலில் நாளுக்கு ஒரு பிடி. அப்புறம் இரண்டு வேளைக்கும் ஒவ்வொரு பிடி. அப்புறம் வேளைக்கு இரண்டு பிடி. என் கை வேறு பெரிய கை. எடுத்த பிடி யாருடைய தட்டிலிருந்து குறைகிறது என்று நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நன்றாக யோசித்துத்தான் எடுத்தேன்.

அவர் தட்டில் மூன்று அகப்பைச் சோறு விழுந்துகொண்டிருந்தது. அதை இரண்டாக்கினேன். முதல் சில நாள் இரண்டாவது அகப்பை விழுந்த பிறகும் கையைத் தட்டு விளிம்பிலேயே வைத்துக்கொண்டு பார்ப்பார்.

“இன்னும் கொஞ்சம் போடேன் மே.”

“இன்னாத்துக்கு? கடன் அடையட்டும். அப்பால குண்டானோட எடுத்து வாயில கவுத்துக்கோ.”

“மூட்ட தூக்கறவன் மே நானு.”

“மூட்ட தூக்கறவன் மூட்ட மூட்டையா துன்னணும்னு எவன் சொன்னான்?”

பக்கத்து அறையில் யாரோ சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்துவிட்டுச் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். எனக்கு அந்தப் பதில் சொன்னதில் ஒரு குஷி. சத்தியமாகச் சொல்கிறேன், குஷியாகத்தான் இருந்தது.

இன்னொரு சட்டமும் போட்டேன். அதுதான் எல்லாவற்றையும் குட்டிச்சுவராக்கியது. மேஸ்திரி விரல் நீட்டாத நாளில், கூலி இல்லாமல் வெறுங்கையோடு வந்தால், சோறு கிடையாது. கேழ்வரகுக் கூழ் ஒரு குவளை, அதோடு சரி. கூழைக்கூடச் சும்மா கொடுக்க மாட்டேன். பத்து வார்த்தை சேர்த்துத்தான் கொடுப்பேன். மாட்டுக்குக்கூட வேலை செய்யாத நாளில் வைக்கோல் போடுகிறார்கள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

இப்படித்தான் சேர்ந்தது. மாசம் ஆறே கால் வட்டியைத் தடிக்காரன் வாசலுக்கு வருவதற்குள் நானே தெருமுனைக்குப் போய்க் கொடுத்துவிடுவேன். அதற்கு மேல் அசலுக்கென்று பத்து ரூபாய் சேரும்போதெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்துக்குக் குறைவாக அசலைத் தொட மாட்டேன் என்றான் அவன். பத்துப் பத்தாகக் கொடுத்தேன். ஒவ்வொரு பத்து போகும்போதும் எனக்கு உடம்பில் தெம்பு ஏறியது. அவருடைய உடம்பில் இறங்கியதை நான் பார்க்கவில்லை.

ஓர் அமாவாசை அன்றைக்குக் கூலியில் காலணா குறைந்தது. கேட்டேன். சொல்லவில்லை. அடுத்த அமாவாசைக்கும் காலணா குறைந்தது. பீடியா, டீயா, வேறு எவளாவதா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். எவளாவது என்றதும்தான் வாயைத் திறந்தார்.

“பால் வாங்கினேன். மூலக்கொத்தளத்துல, பையன் மேல ஊத்திட்டு வந்தேன்.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பத்து மாசம் சுமந்தவள் நான். கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். ‘இடம் எப்படி இருக்குது, நிழல் கிழல் இருக்குதா’ என்று கேட்டிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்:

“உசுரோட இருந்தப்போ அது ஒரு வாய்ப் பாலு குடிக்கல. இப்போ மண்ணுக்கு இன்னாத்துக்குப் பாலு? அந்தக் காலணாவுக்கும் வட்டி போவுது, தெரியுமா உனக்கு?”

அதற்கும் ‘சரி’ என்றார். அதற்கப்புறம் எந்த அமாவாசைக்கும் காலணா குறையவில்லை.

நாலாவது அறை அக்காவுக்குத்தான் கண் உறுத்தியது. ஒரு நாள் தணல் வாங்கப் போனேன். கொட்டாங்கச்சியில் போடாமல் இடுக்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாடி, உன் ஊட்டுக்காரன் எலும்பும் தோலுமா ஆயிட்டான். நீ கண்ணத் தொறந்து பாக்கறியா இல்லியா?”

“கடன் கீதே யக்கா. எல்லாம் அடையட்டும்.”

“அதில்லடி. நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. காசிமோட்டுல கரையில ஒக்காந்துகினு கீறான். நேத்தும் பாத்தேன், அதுக்கு முந்தா நாளும் பாத்தேன். கூடைய எறக்கி வெச்சிட்டுப் போய்க் கேக்கலாம்னு…”

முழுசாகச் சொல்ல விட்டேனா நான்? வேலைக்குப் போகிற என் புருஷனைக் கரையில் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல இவள் யார்? அன்றைக்குச் சாயங்காலமும் அவர் ஒன்றரை ரூபாயை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் படி ஏறினார். உட்கார்ந்திருக்கிறவனுக்கு எவன் கூலி கொடுப்பான்?

“ரெண்டு தணல் குடுக்கறதுக்கு என் ஊட்டு சமாசாரத்த நோண்டணுமா? வோணாம் போ. உன் நெருப்ப நீயே வெச்சுக்கோ!”

கொட்டாங்கச்சியை அவள் வாசலிலேயே வீசிவிட்டு வந்தேன். அன்றைக்கு மட்டும் தீப்பெட்டி வாங்கினேன். ஒவ்வொரு குச்சியையும் பிளேடால் இரண்டாகக் கீறி வைத்துக்கொண்டேன். அவள் முகத்தில் மூன்று மாசம் விழிக்கவில்லை.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. அவர் கொண்டுவந்த காசில் அத்தர் வாசனை அடித்தது. முகர்ந்து பார்த்தேன். எந்தக் கப்பலில் என்ன சரக்கு வந்ததோ என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்கிற மாதிரி என்னையே ஏமாற்றிக்கொண்டேனா, இப்போது தெரியவில்லை. காசு வந்ததல்லவா? சுருக்குப்பையில் முடிந்து கலயத்துக்குள் வைத்தேன்.

கடைசி முப்பது ரூபாய் ஒன்றாகச் சேர்ந்தது. கடன் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இந்தத் தடவை நான் தெருமுனைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் ஈட்டிக்காரனை என் வாசலுக்கே வரச் சொன்னேன். எட்டு அறைப் பெண்களும் பார்க்க வேண்டும் அல்லவா? அன்றைக்கு அவன் காலைத் தாண்டித் தாண்டிப் போனவர்கள் இன்றைக்கு நான் அவன் கையில் ரூபாயை எண்ணிப் போடுவதைப் பார்க்கட்டும். இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டேன். கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது.

தடிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அவர் உள்ளே சுவரோரமாகக் குந்தியிருந்தார். ஈட்டிக்காரன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

“எண்ணிக்கோ,” என்றேன், எட்டாவது அறைக்கும் கேட்கிற மாதிரி.

எண்ணினான். சரியாக இருந்தது. பையிலிருந்து என் வீட்டுக்காரர் கைநாட்டு வைத்த சீட்டை எடுத்துக் கிழித்து என் கையில் போட்டான். அந்தக் கணம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது. திரும்பி ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தேன்.

அவன் போகவில்லை. பையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்தான்.

“இது தீந்துது. இது எப்போ?”

“எது?”

“இது வேற சீட்டு. நாலு மாசமா உன் ஊட்டுக்காரர் வாங்கினது. வாரத்துக்கு எட்டு ரூபா, ஒம்பது ரூபா. இன்னிவரைக்கும் நூத்தி நாப்பத்திரெண்டு.”

“எவன்யா வாங்கினான் உன்கிட்ட? எங்கூட்டுக்காரரு வேலைக்குப் போறாரு!” என்று கத்தினேன்.

அவன் கோபப்படவில்லை. “எனக்கு அத்தெல்லாம் தெரியாது. நீ சொன்ன டயத்துல குடுக்கிற பொம்பள. உன்ன நம்பித்தான் குடுத்தேன்,” என்றான். சீட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தான். அதே கட்டைவிரல் ரேகை.

உள்ளே திரும்பினேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

“மேஸ்திரி எடுக்க மாட்டேங்கிறான் மே. நாலு மாசமா. கேட்டுல நின்னா, ‘காத்துல பறந்துடுவே, தள்ளி நில்லு’ன்னு சொல்றான்.”

“அப்போ தெனம் துட்டு கொண்டாந்தியே?”

“துட்டு இல்லாம வந்தா நீ சோறு போட மாட்டியே.”

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தக்கூட இல்லை. ஈட்டிக்காரனிடம் கடன் வாங்கி, அதைக் கூலி என்று என் கையில் வைத்து, இரண்டு அகப்பைச் சோறு வாங்கித் தின்றிருக்கிறார். நான் அந்தச் சோற்றிலேயே பிடி பிடியாக எடுத்து, அந்தக் காசையும் சேர்த்து முடிந்து, கொண்டுபோய் ஈட்டிக்காரனிடமே கொடுத்திருக்கிறேன். அவன் காசை அவனுக்கே கொடுத்துக்கொண்டு, கடன் அடைகிறது கடன் அடைகிறது என்று பூரித்துப்போயிருக்கிறேன். தின்னக் கொடுக்காமல் நான் தேய்த்த தோளைத்தான் மேஸ்திரி வேண்டாம் என்றிருக்கிறான்.

வாசலில் எட்டு வீடும் நிற்கிறது. நாலாவது அறை அக்கா, “அன்னிக்கே சொல்ல வந்தேன்டி. நீ எங்க உட்டே?” என்றாள். அதுதான் என் மண்டைக்குள் போய்க் குத்தியது. அப்போதாவது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். எனக்கு வந்தது வெறி.

“அந்தக் குழியில அத்தப் போட்டதுக்குப் பதிலா உன்னப் போட்டிருந்தா எனக்குப் புள்ளையாச்சும் மிஞ்சியிருக்கும்!”

ஈட்டிக்காரன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். ‘நான் அப்பால வரேன்’ என்று தடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தட்டாமல், தூக்கிக்கொண்டு போனான்.

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கேட்டார்.

“சோறு கீதா?”

கிண்டலில்லை, கோபமில்லை. பசித்தவன் கேட்கிற கேள்விதான். கலயம் என் காலடியில் இருந்தது. வாய்வரைக்கும் அரிசி.

“இல்ல,” என்றேன்.

அவர் எழுந்து சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். எங்கே போவார்? போக்கிடம் இருந்தால் எப்போதோ போயிருப்பார்.

இரண்டாவது கடனை நான்தான் அடைத்தேன். ஆர்பர் குடோன்களில் மூட்டையிலிருந்து சிந்திய தானியத்தைக் கூட்டிப் பெருக்கி, கல்லையும் எலிப் புழுக்கையையும் புடைத்து எடுக்கிற வேலைக்குப் போனேன். வட்டியும் அசலுமாக மூன்றரை வருஷம் இழுத்தது. தடிச் சத்தம் மாசா மாசம் என் வாசலில் கேட்டது. கேட்டுக் கேட்டு வெட்கம் விட்டுப்போயிற்று. அவர் அறைக்குள் உட்கார்ந்து கோணிப்பை தைத்தார். ஒரு பைக்கு இவ்வளவு என்று ஏதோ கொஞ்சம் வரும். அதையும் என் கையில்தான் கொடுப்பார்.

கடைசிச் சீட்டைக் கிழித்த அன்றைக்கு ஒரு படி அரிசி முழுசாகப் பொங்கினேன். வஞ்சிர மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். எண்ணெய் மிதக்க மிதக்க வைத்தேன். தட்டில் முதல் அகப்பை போட்டேன். இரண்டாவது போட்டேன். மூன்றாவதை எடுத்தேன். அவர் தட்டின் மேல் கையைக் குறுக்கே நீட்டினார்.

“போதும்.”

“துன்னுய்யா. கடனெல்லாம் தீந்து போச்சு.”

“போதும் மே.”

வயிறு சுருங்கிவிட்டது என்று அக்கா சொன்னாள். இருக்கலாம். ஆனால் வீம்புக்குச் சொன்னதல்ல அது, அதுதான் எனக்கு ஆற்றாமை. வீம்பு என்றால் சண்டை போட்டிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். இரண்டாவது அகப்பை விழும்போதே கை குறுக்கே வந்துவிடும். அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘இன்னும் கொஞ்சம் போடு’ என்று அவர் வாயால் கேட்டுவிட மாட்டாரா என்று வேளைக்கு வேளை அகப்பையோடு காத்திருந்தேன். கேட்கவே இல்லை. பிள்ளையைப் புதைத்த இடம் எது என்று அவரிடம் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அந்த இடம் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். மழை விட்ட ஒரு காலை. சந்தில் பாடை கட்டிக் கிடத்தியிருந்தார்கள். எடுப்பதற்கு முன்னால் பெண்கள் வாய்க்கரிசி போட வேண்டும். பெண்டாட்டிதான் முதலில் என்று என்னைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அக்கா முறத்தில் அரிசியை நீட்டினாள். ரேஷன் எடுத்துவிட்ட காலம் அது, நல்ல வெள்ளை அரிசி. கையை விட்டு நிறைய ஒரு பிடி அள்ளினேன். இவருக்கு வயிறு நிறையப் போட வேண்டும், இந்த ஒரு தடவையாவது நிறையப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அள்ளினேன்.

அள்ளிய கை அவர் வாய்ப் பக்கம் போகவில்லை. தானாகத் திரும்பி, பாதியை முறத்திலேயே போட்டது. மிச்சத்தைத்தான் அவர் வாயில் போட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது.

முறத்தைப் பிடித்திருந்த அக்கா என் கையைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

“அடிப்பாவி,” என்றாள். “இத்துலயுமா?”

மெல்லத்தான் சொன்னாள். பறை அடித்துக்கொண்டிருந்ததால் வேறு யாருக்கும் கேட்கவில்லை.